காரின் காற்று வடிகட்டியும் அதை வீட்டில் மாற்றியமைத்தோரும்: ஒரு வரலாறு

பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் காரின் என்ஜினுக்குள் வெளிக்காற்றைக் கொண்டுசேர்க்கும் குழாய், பெட்டி, வடிகட்டி ஆகியவற்றின் தொகுப்பே காற்று உள்ளிழுப்பு அமைப்பு ஆகும். பட்டறைகளில் இதன் பெரும்பகுதியை 'ஏர் ஃபில்டர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். அதிகக் கருவிகள் இல்லாமல் காரின் உரிமையாளரே வீட்டில் திறந்து பார்க்கக்கூடிய மிகச் சில உறுப்புகளுள் இதுவும் ஒன்று. ஆகவேதான் இதைக் கழுவுவதும், கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதும் ஏறத்தாழ நூறாண்டாக வீட்டு வாசலில் நடக்கும் வேலையாக இருந்துவருகின்றன. வெளிப்பார்வைக்கு இது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் மடிப்புக்கும் பின்னால், எங்கோ ஒரு காலத்தில் கெட்டுப்போன என்ஜின் ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, காற்று அதைவிடப் பன்மடங்கு லேசானது. எனவே எடையிலிருந்து கன அளவுக்கு மாற்றினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று என்று வரும். 1,200 சிசி கொள்ளளவுள்ள நான்கு வீச்சு என்ஜின், நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் முழு மிதியில் ஓடினால், நிமிடத்துக்கு 1,800 லிட்டர் காற்றை இழுக்கும். காற்றோடு வருவது தூசு. சாலைத் தூசின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணல். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சிலிக்காவின் எண் 7. சிலிண்டர் செய்யப் பயன்படும் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர் மட்டுமே. அந்த இடைவெளியில் புகும் அளவுள்ள மணல்துகள், எண்ணெயோடு கலந்து அரப்பொடியைப் போல வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே என்ஜினுக்குக் கூடுதல் கேடு செய்வது இதனால்தான்.

வடிகட்டி இல்லாத காலம்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் காற்று வடிகட்டி என்று எதுவும் கிடையாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி காரும் தொழிற்சாலையிலிருந்து வடிகட்டி இல்லாமலே வெளிவந்தது. கார்புரேட்டரின் வாய் திறந்தே இருந்தது. அதில் ஒரு குழாய் மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. அது புகைபோக்கிக் குழாயை ஒட்டியிருந்த சூடான காற்றை இழுத்துத் தந்தது. அக்காலத்துப் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது என்பதால் அந்தச் சூடு தேவைப்பட்டது. தூசைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அன்றைய என்ஜின்களைச் சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை எப்படியும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தேய்மானத்துக்கு எது காரணம் என்று பிரித்தறிவது எளிதாக இல்லை.

தூசைத் தனிக் குற்றவாளியாக அடையாளம் காட்டியவர்கள் கார் ஓட்டியவர்கள் அல்லர், உழவர்கள். டிராக்டர் தான் கிளப்பும் புழுதிக்குள்ளேயே நாள் முழுவதும் மெதுவாக ஊர்ந்து உழைக்கும் வண்டி. 1915-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டிராக்டர் விற்பனைத் தொழிலில் இருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர், யூட்டா மாநிலத்து வாடிக்கையாளர் ஒருவரின் என்ஜின் புழுதியால் தேய்ந்துபோனதைக் கண்டார். கம்பிக்கூடு ஒன்றின் மேல் துணியைச் சுற்றி, காற்று புகும் வாயில் பொருத்தினார். அந்த எளிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததே இன்றும் வடிகட்டிகள் செய்துவரும் டொனால்ட்சன் நிறுவனம். ஆக, பெயர் தெரிந்த முதல் வடிகட்டிகளுள் ஒன்று, வயலோரத்தில் கையில் கிடைத்த பொருளைக்கொண்டு செய்த மாற்றம்தான். 1920-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வேளாண் பண்ணையில் டிராக்டர் வடிகட்டிகள் பலவற்றைச் சோதித்து, எது எவ்வளவு தூசைப் பிடிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். கார்களில் வடிகட்டி பரவலானது அதற்குப் பிறகே.

எண்ணெய்த் தொட்டியும் மண்ணெண்ணெயும்

1930-களிலிருந்து ஏறக்குறைய முப்பதாண்டுகள் ஆட்சி செய்தது எண்ணெய்த் தொட்டி வடிகட்டி. அதன் இயக்கம் பள்ளி அறிவியலில் நாம் படிக்கும் நிலைமம் என்ற பண்பை நேரடியாகப் பயன்படுத்துவது. காற்று மேலிருந்து வேகமாக இறங்கி, தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பை நெருங்கியதும் சட்டென்று திரும்பி மேலே ஏற வேண்டும். காற்று திரும்பிவிடும், எடையுள்ள துகள் திரும்ப முடியாமல் நேராகப் போய் எண்ணெயில் விழும். தப்பிய துகளை, மேலே எண்ணெயில் நனைந்திருக்கும் கம்பிவலைக் கற்றை பிடித்துக்கொள்ளும். இதைக் கழுவுவது வீட்டு வேலை. பழைய எண்ணெயைக் கொட்டி, அடியில் படிந்த சேற்றை வழித்தெடுத்து, வலையை மண்ணெண்ணெயில் அலசி, காயவிட்டு, குறித்த கோடு வரை புதிய எண்ணெய் ஊற்றினால் முடிந்தது. எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் 1970-களின் தொடக்கம் வரை இந்த வகையே இருந்தது. ஜான் மியூர் 1969-இல் வெளியிட்ட பீட்டில் பழுதுபார்ப்புக் கையேடு, பட்டறைக்குப் போகாமல் தன் காரைத் தானே பார்த்துக்கொள்ள விரும்பியவர்களை நோக்கி எழுதப்பட்டது.

இந்த வகைக்கு ஒரு குறை உண்டு. காற்று வேகமாக ஓடும்போதுதான் நிலைமம் நன்றாக வேலை செய்யும். என்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து, நுண்துகள்கள் காற்றோடு சேர்ந்து திரும்பிவிடும். மிகக் கெடுதலான துகள்களே இப்படித் தப்பின.

பாலைவனத்தில் ஒரு பேரம்

காற்று வடிகட்டியின் வரலாற்றில் இரண்டாம் உலகப் போருக்குத் தனி இடம் உண்டு. தூசைத் தடுக்கும் எதுவும் காற்றையும் கொஞ்சம் தடுக்கும் என்ற உண்மை, உயிரைப் பணயம் வைத்துப் பார்க்கப்பட்டது அங்கேதான்.

வட ஆப்பிரிக்காவுக்கும் மால்டா தீவுக்கும் அனுப்பப்பட்ட பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானங்களின் மூக்குக்கு அடியில், தாடை தொங்குவதுபோல ஒரு பெரிய பெட்டி பொருத்தப்பட்டது. அது வோக்ஸ் நிறுவனத்தின் மணல் வடிகட்டி. அது இல்லாமல் மணல்தரையிலிருந்து எழுந்தால் என்ஜின் மிக விரைவில் தேய்ந்தது. அதைப் பொருத்தினாலோ விமானத்தின் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. எதிரி விமானத்தை விடச் சற்று மெதுவாகப் போவதா, அல்லது சில நாட்களில் என்ஜினை இழப்பதா என்பதே கேள்வி. எகிப்தில் அபூகிர் என்ற இடத்திலிருந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பராமரிப்புப் பணிமனையினர், அளவில் சிறிய, காற்றை அவ்வளவாக எதிர்க்காத ஒரு வடிகட்டியைத் தாங்களே வடிவமைத்துப் பொருத்தினர். அது அபூகிர் வடிகட்டி என்றே பெயர் பெற்றது. தொழிற்சாலை கொடுத்ததைப் பணிமனைக் கைகள் திருத்தியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது, அவர்கள் வடிகட்டியைக் கழற்றி எறியவில்லை என்பதுதான். வடிகட்டும் வேலையை விட்டுக்கொடுக்காமல் தடையை மட்டும் குறைத்தார்கள். பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர் வகைகளில் வடிகட்டி விமான உடலின் வடிவத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

தரையிலும் இதே கதை. சோவியத் ஒன்றியம் தன் புகழ்பெற்ற டி-34 டாங்கி ஒன்றை 1942-இல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைக் களத்துக்கு அனுப்பியது. கவசமும் சரிந்த வடிவமும் அங்கிருந்த பொறியாளர்களைக் கவர்ந்தன. ஆனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே என்ஜின் கெட்டுப்போனது. பிரித்துப் பார்த்தபோது காற்று வடிகட்டி தூசைச் சரியாகத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஜெர்மானியர் தங்கள் டைகர் டாங்கிகளின் பின்புறத்தில் ஃபைஃபெல் என்ற சுழல்காற்று வடிகட்டிகளைப் பொருத்தினர். காற்றைச் சுழலவிட்டு மையவிலக்கு விளைவால் தூசை ஒதுக்கும் வகை அது; நம் ஊர் மாவு மில்களிலும் சிமென்ட் ஆலைகளிலும் நிற்கும் கூம்புகளும் இதே தத்துவத்தில் இயங்குபவை.

தூசும் ஒரு தரப்பொருள்

வடிகட்டிகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே வகைத் தூசு வேண்டும். இதற்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத் தூசைச் சேகரித்து, சலித்து, துகள் அளவு குறித்து விற்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஏசி ஸ்பார்க் பிளக் பிரிவு பல பத்தாண்டுகள் இந்தத் தூசை ஆய்வகங்களுக்கு வழங்கியது. இன்று ஐஎஸ்ஓ 12103 என்ற பன்னாட்டுத் தரம் சோதனைத் தூசுக்கும், ஐஎஸ்ஓ 5011 என்ற தரம் வடிகட்டிச் சோதனைக்கும் உண்டு. புழுதிக்கும் ஒரு தரச்சான்று இருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அளவுகோல் இல்லாத இடத்தில் விளம்பரம்தான் பேசும்.

1950-களில் கார்களுக்கு வந்த மடிப்புக் காகித வடிகட்டி, எண்ணெய்த் தொட்டியை மெல்ல ஓரங்கட்டியது. பிசின் ஊட்டிய காகிதத்தை விசிறிபோல மடிப்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு வடிகட்டியில் 4 செ.மீ. ஆழத்தில் 50 மடிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்பார்வைக்கு அதன் பரப்பு 500 சதுர செ.மீ. விரித்தால் 8,000 சதுர செ.மீ. பதினாறு மடங்கு பரப்பின் வழியே காற்று நிதானமாகப் புகுவதால், துளைகள் மிக நுண்ணியவையாக இருந்தும் தடை குறைவாக இருக்கிறது. என்ஜினின் வேகம் எதுவானாலும் இது ஒரே சீராகத் தூசைப் பிடித்தது. ஆனால் இதைக் கழுவ முடியாது, அழுக்கானால் மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக உட்கார்ந்த உரிமையாளர், இப்போது கடைக்குப் போய் அட்டைப்பெட்டி ஒன்றை வாங்குபவரானார்.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி. புத்தம் புதிய காகிதத்தைவிட, சிறிது தூசு படிந்த காகிதமே நுண்துகளை நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசே மேலும் ஒரு சல்லடையாகிவிடுகிறது. எனவே வாரந்தோறும் எடுத்துத் தட்டிச் சுத்தம் செய்வது என்ஜினுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. சர்வீஸ் நிலையங்களில் கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் பீய்ச்சுவது அதைவிட மோசம். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் காற்று அந்த வழியையே தேடிப் போகும்.

மூடியைத் திருப்பிப் போட்டவர்கள்

வடிகட்டியைக் காப்பாற்ற வேண்டிய உறுப்பாகப் பார்க்காமல், வேகத்துக்குத் தடையாகப் பார்த்த ஒரு மரபும் கூடவே வளர்ந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைத் திருத்தி வேகம் பார்த்தனர். 1937-இல் அவர்களுக்கென்று ஒரு நேரம் கணிக்கும் சங்கம் அமைந்தது; 1948-இல் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய 'ஹாட் ராட்' இதழ் அந்தப் பழக்கத்தை நாடெங்கும் கொண்டுபோனது. கார்புரேட்டர்களின் மேல் வடிகட்டியை எடுத்துவிட்டுப் புனல் வடிவக் குழாய்களை நிறுத்தினர். ஓரிரு நிமிட ஓட்டத்துக்கு அது சரி. ஓட்டப்பந்தய என்ஜினை அடிக்கடி பிரித்துக் கோப்பார்கள்; அதன் ஆயுள் யாருக்கும் கவலையில்லை. சிக்கல், அதே கோலத்தைத் தினமும் வேலைக்குப் போகும் காருக்குப் போட்டபோது வந்தது.

1960-களில் கார் நிறுவனங்களே இந்த ஆசையை விற்கத் தொடங்கின. போன்டியாக் நிறுவனம் ஜிடிஓ காருக்கு 'ராம் ஏர்' என்ற பெயரில் பானட்டின் மேலுள்ள துளை வழியே வெளிக்காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைக் கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு பெயரில் செய்தன. காசில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. அன்றைய அமெரிக்கக் கார்களில் வடிகட்டி வட்டமான தகரப்பெட்டிக்குள் இருந்தது. அதன் மூடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டால், சுற்றிலும் ஓர் இடைவெளி விழும். மிதியை அழுத்தியதும் என்ஜின் உறுமும். செலவு ஒரு காசில்லை. வேகம் கூடியதோ இல்லையோ, கூடியதுபோல் இருந்தது.

இதே காலத்தில்தான் பெட்டிக்குப் புதிய பொறுப்புகளும் வந்தன. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தை ஒட்டி, என்ஜினின் அடிப்பகுதியில் கசியும் வாயுவை வெளியே விடாமல் மீண்டும் உள்ளிழுப்புக்கே திருப்பும் ஏற்பாடு 1960-களில் கட்டாயமானது. குளிர்ந்த என்ஜின் புகை கக்காமலிருக்க, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் ஒரு தகடும் காற்றுக்குழாயில் சேர்ந்தது. மூடியைத் திருப்பிப் போட்டவர்களில் பலர் இவற்றையும் தேவையற்ற சுமை என்று பிடுங்கிப் போட்டனர். கலிபோர்னியா மாநிலம் இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது: அங்கே சாலையில் ஓடும் காருக்கான மாற்று உள்ளிழுப்புப் பாகங்கள், மாநிலக் காற்று வள வாரியத்தின் ஆணை எண் பெற்றிருக்க வேண்டும்.

கழுவிப் பயன்படுத்தும் பழைய வழக்கத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது எண்ணெய் தடவிய பருத்தி வலை. கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்டு ஆகிய இருவரின் முதல் எழுத்துகளால் பெயர் பெற்ற கே அண்ட் என் நிறுவனம், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்காக இதை விற்கத் தொடங்கியது. பின்னர் கார்களுக்கும் வந்தது. 1990-களில் ஹோண்டா சிவிக் போன்ற சிறு கார்களைத் திருத்திய இளைஞர்கள், பெட்டியையே எடுத்துவிட்டு, பளபளக்கும் குழாயின் நுனியில் கூம்பு வடிவ வடிகட்டியைப் பொருத்தினர். இன்று உலகெங்கும் வீட்டில் செய்யப்படும் மாற்றம் பெரும்பாலும் இதுதான்.

கூம்பு வடிகட்டியும் ஒரு வெப்பக் கணக்கும்

இதனால் உண்மையில் என்ன கிடைக்கிறது? நல்ல நிலையிலுள்ள காகித வடிகட்டி ஏற்படுத்தும் அழுத்த இழப்பு, வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. தடையே இல்லாத மாய வடிகட்டி ஒன்றைப் பொருத்தினாலும் ஆதாயம் அந்த அளவைத் தாண்டாது. இனி மறுபக்கம். கூம்பு வடிகட்டி பானட்டுக்குள் திறந்து நின்றால், வெளிக்காற்றை இழுக்காமல் என்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றை இழுக்கும். வெளியே 30 டிகிரி செல்சியஸ், உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 303, 333. வாயுவின் அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 303-ஐ 333-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.91. அதாவது காற்றின் எடையில் ஒன்பது விழுக்காடு போய்விட்டது. ஒன்றைப் பிடிக்க ஒன்பதை விட்ட கணக்கு. தொழிற்சாலைப் பெட்டி ஏன் முன்விளக்கின் அருகே மூக்கை நீட்டிக் காற்றை எடுக்கிறது என்பது இப்போது புரியும். பெட்டியோடு ஒட்டியிருக்கும் பயனற்றதுபோல் தோன்றும் குடுவை, ஒலியை அடக்கும் அதிர்வு அறை. அதை நீக்கினால் சத்தம் கூடும். ஆற்றல் கூடிவிட்டதாகக் காது சொல்லும்.

அழுக்கு வடிகட்டி பெட்ரோலைக் குடிக்கும் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியால் எரிபொருள் அளவைத் திருத்திக்கொள்ளும் புதிய கார்களில் வடிகட்டி அடைத்திருந்தாலும் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று தெரிந்தது. அடைபட்டதை மாற்றியபோது முடுக்கம் மட்டும் 6 முதல் 11 விழுக்காடு வரை மேம்பட்டது. காரணம் எளிது. சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் தகடே காற்றை மறித்துக்கொண்டுதான் இருக்கிறது. வடிகட்டி கொஞ்சம் மறித்தால் ஓட்டுநர் அறியாமலே தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறார். உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது.

அந்த அளவீட்டைச் செய்யும் கருவிதான் வீட்டுத் திருத்தக்காரர்களின் புதிய கண்ணி. 1980-களிலிருந்து பரவிய சூட்டுக்கம்பி உணரியில், மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக்கொண்டு காற்றின் எடை அறியப்படுகிறது. பருத்தி வடிகட்டியைக் கழுவியபின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், அது துளியாகப் பறந்து கம்பியில் படியும்; தூசு அதில் ஒட்டும்; அளவு தவறும். தண்ணீர் இன்னொரு ஆபத்து. குளிர்ந்த காற்றுக்காகக் குழாயை முன்பக்க பம்பருக்கு அடியில் இறக்கினால், தேங்கிய மழைநீரைக் கார் உறிஞ்சிவிடக்கூடும். நீர் அமுங்காது, மேலேறும் பிஸ்டன் அதில் மோதி இணைப்புத் தண்டு வளையும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நனைந்த கார்களை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

வீட்டில் செய்யத்தக்கது எஞ்சியிருக்கிறது. கொக்கிகளைத் தளர்த்திப் பெட்டியைத் திறந்து, அடியிலுள்ள மண், சருகு, பூச்சிகளை ஈரத்துணியால் துடைக்கலாம். வடிகட்டிக்குப் பின்னால் என்ஜின் பக்கத்துக் குழாயில் விரலை ஓட்டிப் பார்க்கலாம். அங்கே புழுதி இருந்தால், ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள். காகிதத்தை எப்போது மாற்றுவது என்பது கையேட்டில் இருக்கும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றலாம். பருத்தி வலையானால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் விட்டு அலசி, நிழலில் முழுதும் உலர்த்தி, மடிப்புக்கு மடிப்பு அளவாக எண்ணெய் விட வேண்டும்.

மின்சாரக் கார்களில் எரிப்பு இல்லை, ஆகவே இந்தப் பெட்டியும் இல்லை. அவற்றில் இருப்பது பயணிகள் அறைக்கு வரும் காற்றை வடிகட்டும் சிறு காகித மடிப்பு மட்டும். பெரும்பாலான கார்களில் அது முன்னிருக்கையின் எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதையும் வீட்டிலேயே கழற்றி மாற்றலாம்.